மயிலாசனம் செய்த நாற்பது நாள்

அந்தப் பென்சில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சாதாரணப் பென்சில். முனையில் ஈயம் இருக்காது. மெழுகுவர்த்தியை உருக்கி, கொஞ்சம் கரித்தூள் சேர்த்துப் பிசைந்து, மிளகு அளவுக்கு உருட்டி முனையில் ஒட்டியிருப்பார் மாப்பிள்ளை. தட்டில் கொட்டிக் கிடக்கும் கண்ணாடிக் கற்களில் ஒன்றை அந்த மெழுகு முனையால் தொடுவார். கல் ஒட்டிக்கொண்டு வரும். மயில் தோகையில் பசை வைத்த புள்ளியில் கொண்டுபோய் வைப்பார். வைத்த கல்லை அவர் திருத்தி வைத்து நான் பார்த்ததில்லை. பச்சை, நீலம், பச்சை, நீலம் என்று கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வாய் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கச்சி வீட்டுக்காரரை. திருச்சிப் பக்கம் கிராமங்களில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் வேலை முன்பு நிறைய உண்டு. அவர் பதினாலு வயதில் அந்தப் பட்டறையில் உட்கார்ந்தவர். பிறகு மெஷின் வந்து பட்டறைகளை மூடினார்கள். வீட்டில் சும்மா இருக்கிறார் என்று தங்கச்சி போனில் அழுதாள். நான் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஃபைபர் கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருந்தேன். மால்களுக்கும் கல்யாண ஹால்களுக்கும் தூண், யானை, ஒட்டகம், கப்பல் என்று எது கேட்டாலும் ஃபைபரில் செய்து கொடுக்கிற கம்பெனி. மேனேஜரிடம் கெஞ்சி விசா வாங்கி அவரை வரவழைத்தது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை அங்கே கொண்டுபோனது நான்தான்.

சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் எனக்கு மேல் கட்டில் அவருக்கு. என் வாய் கெட்ட வாய். சைட்டில் நான் கத்தாத ஆள் கிடையாது. அவர் ஒருத்தர்தான் என் கத்தலுக்குச் சிரிப்பவர். மச்சானுக்கு வாயிலேயே ஹார்ன் வைத்துப் பிறக்க வைத்துவிட்டார்கள் என்று ரூமில் எல்லாரிடமும் சொல்வார்.

அந்த வருஷம் கோடையில் ஒரு ஆர்டர் வந்தது. துபாயில் ஒரு பெரிய மாலில் பழைய ராஜாக்களின் புதையல்கள் என்று கண்காட்சி. நடுவில் வைக்க மயிலாசனம் வேண்டும். நாற்பது நாள் கெடு. எங்கள் ஆபீஸில் டிசைன் வரைகிறவர் யாழ்ப்பாணத்துப் பெண். நாங்கள் மேடம் என்போம். அவர் எங்களை அண்ணை என்பார். மற்ற டிசைன்களுக்குப் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இதற்கு மட்டும் டீ நேரத்தில் ஷெட்டுக்குள் வந்து, ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கதை சொன்னார்.

தாஜ்மகால் கட்டிய அதே ராஜாதான் இதையும் செய்யச் சொன்னாராம். ஏழு வருஷ வேலை. சுத்தத் தங்கம். மேலே விதானம், அதைத் தாங்கப் பன்னிரண்டு தூண். மாணிக்கம், மரகதம், வைரம், முத்து என்று கஜானாவில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தாராம். முத்துகளில் இந்த வளைகுடாக் கடலில் முங்கி எடுத்ததும் இருந்திருக்கும் என்றார் மேடம். நூறு வருஷம் டில்லியில் இருந்தது. பிறகு பாரசீகத்திலிருந்து ஒரு ராஜா படையோடு வந்து ஊரைச் சூறையாடி, இதையும் யானை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதோடு ஆசனம் தொலைந்தது. இன்றைக்கு ஒரு துண்டுகூட இதுதான் என்று காட்ட ஆள் இல்லை.

எனக்கு ஆச்சரியம் வேறு ஒன்றில். அவ்வளவு பெரிய ஆசனம் எப்படி இருந்தது என்றே சரியாகத் தெரியாதாம். அரண்மனையில் இருந்தவர்கள் எழுதி வைத்ததில் விதானத்தின் மேல் மயில்களும் நடுவில் ரத்தின மரமும் வருகிறது. பார்க்க வந்த வெள்ளைக்கார வியாபாரி எழுதினதில் ஒரே ஒரு மயில்தான், தோகை விரித்து நிற்கிறது, நெஞ்சில் பெரிய சிவப்புக் கல். கண்ணால் பார்த்தவர்களே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மேடம் இரண்டு மயில் போடலாம் என்று முடிவு பண்ணினார். மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டார். இத்தனை கல்லைப் பதித்த நாற்காலியில் உட்கார்ந்தால் குத்தாதா என்றார். மெத்தை போட்டிருப்பினம் அண்ணை என்று மேடம் சிரித்தார். அப்புறம் ஏழு வருஷமா அவர்களுக்கு, நமக்கு மட்டும் நாற்பது நாளா என்று நான் எகிறினேன்.

“அவங்களுக்கு ஃபைபர் இல்ல, மச்சானும் இல்ல. பின்ன ஏழு வருஷம் ஆகாதா?” என்றார் மாப்பிள்ளை.

இனி எங்கள் வேலையில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஃபைபருக்கு ரெசின் என்று ஒரு குழம்பு. அது தானாக இறுகாது. ஹார்டனர் என்று ஒரு திரவத்தை அளவாகக் கலந்தால்தான் கல் மாதிரி இறுகும். அந்த ஹார்டனர் பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். பெரிய கேனில் வரும். கேனைத் தூக்கி ஊற்ற முடியாது என்று குடிதண்ணீர் பாட்டிலில் பிரித்து வைத்துக்கொள்வோம். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பிதுக்கிச் சொட்டுச் சொட்டாக விடுவோம். குடிக்கிற தண்ணீர் பாட்டிலும் அதுவும் ஒன்றுபோல இருக்குமே, எப்படித் தெரியும்? லேபிளைக் கிழித்துவிடுவோம். லேபிள் இல்லாத பாட்டில் ஹார்டனர், லேபிள் உள்ளது தண்ணீர். எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. எனக்கு முன்னால் இருந்த பங்களாதேஷ்காரர் எனக்குச் சொன்னார், நான் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னேன். ஒன்பது வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் அது சரியான வழி என்று நினைத்தோம். கம்பெனிக்கும் அது தெரியும். இன்ஸ்பெக்ஷன் வருகிற அன்றைக்குப் பாட்டிலையெல்லாம் ஒளித்துவைக்கச் சொல்வார்கள். கண்ணாடி, கையுறை எல்லாம் அன்றைக்கு மட்டும் ஸ்டோரிலிருந்து வெளியே வரும். இன்ஸ்பெக்டர் போனதும் எண்ணி வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

முப்பத்தெட்டாம் நாள். பிற்பகல் மூன்று மணி. விதானம் தூண்களின் மேல் ஏறிவிட்டது. மூலையில் ஒரு விரிசல். உடனே ஒட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் அடிக்க முடியாது. நிறைய ரெசின் தேவைப்பட்டதால் சொட்டுச் சொட்டாக விட நேரமில்லை என்று புதுப் பாட்டில் ஒன்றில் ஹார்டனரை ஊற்றிக்கொண்டு வந்து, மூடியாலேயே அளந்து கலந்தேன். அதனால் மூடியில் ஓட்டை போடவில்லை. கையெல்லாம் ரெசின் பிசுபிசுத்ததால் லேபிளையும் கிழிக்கவில்லை. ஒரு நிமிஷ வேலை அது. பாட்டிலை ஆசனத்தின் படியில் வைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். மாப்பிள்ளை கீழே மயிலின் கழுத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். ஒட்டுப் போட்டு, அது இறுகியதும் நான் கிரைண்டரால் தேய்க்கும்போது தூசி கிளம்பியது. பெரிய ஃபேன் அதை அப்படியே அவர் முகத்தில் அடித்தது. வலது கண்ணில் தூள் விழுந்துவிட்டது.

தூள்தான். கொஞ்ச நேரம் கண்ணீர் விட்டிருந்தால் தானாக வெளியே வந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அவர் கண்ணைக் கசக்கப் போனார். கசக்காதீங்க மாப்ள, தூள் கீறிடும் என்று கத்திக்கொண்டே ஏணியிலிருந்து குதித்தேன். அக்கறை. அவர் தலையை அண்ணாந்து, வலது கண்ணின் இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணி ஊத்துங்க மச்சான் என்றார். கைக்கு எட்டியது அந்தப் பாட்டில். லேபிள் இருந்தது. மூடியில் ஓட்டை இல்லை. திறந்து ஊற்றினேன். தாராளமாக ஊற்றினேன்.

அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பாட்டிலைப் பார்த்தேன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரை இழுத்துக்கொண்டு ஷெட் மூலையில் இருக்கும் குழாய்க்கு ஓடினேன். கோடையில் அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மொட்டை மாடித் தொட்டியில் வெயிலில் கொதித்து, கையை வைத்தால் தோல் சிவக்கிற சூட்டில் வரும். அந்தத் தண்ணீரை எப்படிக் கண்ணில் விடுவது? திரும்ப ஷெட்டைச் சுற்றி ஓடி, வெளியே குடிதண்ணீர் கூலருக்குப் போனோம். அதற்குள் எத்தனை நிமிஷம் போனதோ. கூலர் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. அதன் அடியில் அவர் தலையைப் பிடித்தேன். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். கம்பெனி பிக்கப் வந்துவிட்டது, யல்லா யல்லா என்று டிரைவர் அவசரப்படுத்தினார். ஏற்றிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். உள்ளே கொண்டுபோன உடனே மறுபடி கழுவ ஆரம்பித்தார்கள், நிறுத்தவே இல்லை. மலையாளி நர்ஸ் ஒருவர் வெளியே வந்து, அங்கே எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. இந்தக் கெமிக்கல் பட்டால் அந்த இடத்திலேயே கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும், அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும், கேனிலேயே எழுதியிருக்குமே சேட்டா என்றார். மறுநாள் டியூட்டிக்குப் போய் முதல் வேலையாகக் கேனைத் திருப்பிப் பார்த்தேன். எழுதியிருந்தது. இங்கிலீஷில் எழுதியது எனக்குப் புரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் படமும் போட்டிருந்தது. ஒரு கண், அதன் மேல் விழுகிற தண்ணீர். ஒன்பது வருஷமாக அந்தக் கேனைத் தூக்கிய நான் அந்தப் படத்தை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணை அவர் இறுக்கி மூடியிருந்ததால் அது தப்பியது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஷெட்டுக்குத் திரும்பியதும் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்கிறேன். நான் பாட்டிலை எடுக்கும்போது பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். பீகார்க்காரர்கள், என்னைவிட மூத்தவர்கள். நான் அதில் ஹார்டனர் ஊற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள். ஒருவரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து, ஏன் தடுக்கவில்லை என்று கேட்டு அறைந்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. உன் கை வேகத்தைப் பார்த்து வாய் வரவில்லை பாய் என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

கம்பெனி ஒரு பேப்பர் தயார் பண்ணியது. தொழிலாளி தானே தவறான பாட்டிலை எடுத்துத் தன் கண்ணில் ஊற்றிக்கொண்டார் என்று அதில் இருந்தது. மேனேஜருக்கு அப்படி இருந்தால் வசதி. தண்ணீர் பாட்டிலில் ஹார்டனர் வைக்கிற பழக்கத்தைப் பற்றிக் கேள்வி வராது. நான் அதைக் கிழித்துப் போடுவதாக இருந்தேன். அதற்குள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியாது.

“கத்தாதீங்க மச்சான். ஊத்துனது நீங்கன்னு எழுதுனா கேஸ் ஆகும், உங்கள உள்ள வைப்பாங்க. நானும் வீட்டுக்குப் போய், நீங்களும் உள்ள போனா ரெண்டு வீட்டையும் யார் பாக்குறது? உங்க தங்கச்சிகிட்டயும் நானேதான் ஊத்திக்கிட்டேன்னு சொல்லிட்டேன். ஏன்டா மனுஷா கண்ணு தெரியாதான்னு திட்டுனா. தெரியாதுன்னேன்.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசா கேன்சல் ஆகி அவர் ஊருக்குப் போனார். ஆசனம் கெடு தப்பாமல் மாலுக்குப் போனது. ஒரு லீவு நாளில் நான் அதைப் பார்க்கப் போனேன். மேடமும் வந்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அது ஜொலித்தது. ஜனங்கள் கயிற்றுக்கு வெளியே வரிசையில் நின்று போட்டோ எடுத்தார்கள். கழுத்து வேலை மட்டும் வேறு ஆள் முடித்தது, எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. பக்கத்தில் வரலாறு எழுதிய பலகை. மேடம் எனக்குப் படித்துச் சொன்னார். தங்கம், கற்கள், எடை, ராஜாக்களின் பெயர். படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, நான் அண்டைக்கு முழுக்கதையும் சொல்லேல்லை. இந்தப் பலகையிலயும் அது இல்லை.”

பிறகு சொன்னார். டில்லியிலிருந்து ஆசனத்தைக் கொண்டுபோன அந்தப் பாரசீக ராஜா, சில வருஷத்தில் தன் மூத்த மகன் மேல் சந்தேகப்பட்டு, பெற்ற பிள்ளையின் இரண்டு கண்களையும் எடுக்கச் சொன்னானாம். எடுத்த பிறகு அழுதானாம். அழுதுவிட்டு, என் பிள்ளையின் கண்ணை எடுக்கும்போது நீங்கள் ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று கேட்டு, பக்கத்தில் நின்று பார்த்த பிரபுக்களைக் கொன்றானாம். அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு அவனை அவன் ஆட்களே கூடாரத்துக்குள் புகுந்து வெட்டினார்கள். ஆசனத்தைப் பிய்த்து ஆளுக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். அவன் பேரன் கொஞ்ச நாள் ராஜா. அவன் கண்ணையும் எடுத்தார்கள். கண் போன அவனைக் கிழவயதில் பிடித்து, நகை எங்கே என்று கேட்டு வதைத்தார்கள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். செக்யூரிட்டி வந்து எழுந்திருக்கச் சொன்னார். படிக்காத ஆள் நான். இந்த மாதிரிக் கதையெல்லாம் நமக்கு என்னத்துக்கு என்று போகிற ஆள். ஆனால் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டு அந்த ராஜா அடித்த அடியை நான் அடித்திருக்கிறேன். என் கைக்கு அது தெரியும். அவன் சந்தேகத்தில் செய்தான், நான் அக்கறையில் செய்தேன் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்தேன். எடுபடவில்லை. பார்த்தவர்கள் நல்லவர்கள், கண் போனவர் நல்லவர். நான் லேபிளைக் கிழித்திருக்க வேண்டும். மறுநாள் அந்தப் பீகார்க்காரரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் சைட்டில் நான் கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கண்காட்சி முடிந்து ஆசனம் எங்கள் யார்டுக்கே திரும்பி வந்தது. தூண்களைப் பிரித்து ஒரு கல்யாண ஹாலுக்குக் கொடுத்தார்கள். ஒரு மயில் ஷார்ஜா ரோலாவில் ஒரு ஹோட்டல் வாசலுக்குப் போனது. விதானத்தை என்னை உடைக்கச் சொன்னார்கள். உடைத்தேன். நிஜ ஆசனத்துக்கு நடந்ததும் இதுதான் என்பதால் மேடத்துக்கு வருத்தம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நிம்மதியாகத்தான் உடைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனேன். தங்கச்சி வீட்டில் சாப்பாடு. எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, துபாயில் யார் யார் இருக்கிறார்கள், என் கத்தல் குறைந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி பரிமாறிக்கொண்டே, இந்த மனுஷன் பாட்டிலைப் பார்த்து எடுத்திருந்தால் இப்படி ஆகுமா என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். அது அந்த வீட்டில் தினமும் சொல்கிற சொல் என்று கேட்ட உடனே தெரிந்தது. இரண்டு வருஷமாக அவர் தினமும் அதை வாங்கிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லிவிட்டேன். ஊற்றினது நான், லேபிளைக் கிழிக்காதது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தங்கச்சி கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். அழுவாள், மண்ணைத் தூற்றுவாள் என்று பார்த்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஊத்துறதுக்கு முந்தி மோந்து பாக்கலியாண்ணே?”

ஷெட்டில் ரெசின் நாற்றத்தில் ஒன்பது வருஷம் நின்றவனுக்கு மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்று சொல்லலாம். அது உண்மைதான். சொல்லவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அன்றையிலிருந்து இன்றுவரை என் போனை அவள் எடுத்ததில்லை. மாசத்தில் ஒருநாள் மாப்பிள்ளைதான் எடுப்பார், வாசலுக்கு வந்து பேசுவார்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுவரை அவர் கூட வந்தார். ஒரு கண்ணோடு இருப்பவர்களுக்குத் தூரம் பிடிபடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னார்.

“எனக்கு ஒரு கண்ணுதான் போச்சு மச்சான். அவளுக்கு இன்னிக்குக் காலைல வரைக்கும் அண்ணன் இருந்தான். சொல்லி யாருக்கு என்ன வந்துச்சு?”

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. குறைந்தது என்றால் எனக்குத்தான் குறைந்திருக்கிறது. அதை அந்த வீட்டில் இறக்கி வைத்துவிட்டு நான் பஸ் ஏற நிற்கிறேன். நீங்கள் இனி திட்டு வாங்க வேண்டாம் இல்லையா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

“திட்டிக்கிட்டாவது எங்கிட்ட பேசிக்கிட்டிருந்தா” என்றார்.

பஸ் வந்தது. என் பையை அவர்தான் தூக்கிக் கொடுத்தார். நான் படியில் நின்று கையை நீட்டினேன். பை என் கைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அவர் கொடுத்துவிட்டதாக நினைத்து விரலைத் தளர்த்தினார். நான் குனிந்து பிடித்துக்கொண்டேன்.